சுருதி ஏறிய தட்டு: 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' மூன்று பதிப்புகளும் ஒரு ரப்பர் பெல்ட்டும்

"அப்பா, தட்டுல சுருதி கொஞ்சம் ஏறியிருக்கு."

மகள் இதைச் சொன்னபோது நான் ஆம்ப்ளிஃபயரில் சிடிக்கும் இசைத்தட்டுக்கும் மாறி மாறிக் குமிழைத் திருப்பிக்கொண்டிருந்தேன். டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'தி மேன்ஸ் டூ ஸ்ட்ராங்' ஓடிக்கொண்டிருந்தது. அவள் பக்கத்து அறையில் வயலினுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு எந்த வித்தியாசமும் பிடிபடவில்லை. அவள் வந்து நின்று, சிடியில் ஒரு சுரத்தைப் பிடித்துப் பாடிக் காட்டினாள். நான் தட்டுக்கு மாற்றியதும் அதே சுரத்தைப் பிடித்தபடியே "இப்பக் கேளுங்க" என்றாள். கிட்டார் அவள் குரலுக்கு மயிரிழை மேலே நின்றது. ஒரு முறை கேட்டுவிட்ட பிறகு அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

நான் அப்போது செய்துகொண்டிருந்தது வேறு வேலை. 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' ஆல்பம் என்னிடம் மூன்று வடிவங்களில் இருக்கிறது. 1985-ல் வந்த ஒற்றை இசைத்தட்டு, லண்டனில் ஒரு அறக்கொடைக் கடையின் பெட்டியிலிருந்து எடுத்தது. அதே ஆண்டின் சிடி. பிறகு 2021-ல் அபே ரோடு ஸ்டுடியோவில் பொறியாளர் மைல்ஸ் ஷோவல் பாதி வேகத்தில் தடம் வெட்டிய, நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் ஓடும் இரட்டைத் தட்டு. பழைய தட்டை வைத்திருப்பவர் புதியதற்குப் பணம் போடலாமா என்ற கேள்விக்கு ஒரு நேர்மையான பதில் எனக்கே வேண்டியிருந்தது. உண்மையைச் சொன்னால் பதிலை ஏற்கெனவே பாதி முடிவு செய்து வைத்திருந்தேன்: புதியது எங்கோ மேலே, பழையதில் கடைசிப் பாட்டில் 'ஸ' எல்லாம் சீறுகிறது. மகள் சொன்ன ஒரு வாக்கியத்தில் அந்த முடிவு ஆட்டம் கண்டது. வேகமே தப்பாக ஓடும் இயந்திரத்தில் இரண்டு பதிப்புகளை ஒப்பிட்டு என்ன தீர்ப்பு சொல்வது?

இந்த ஆல்பத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. கரீபியனில் மான்செராட் தீவில் ஜார்ஜ் மார்ட்டின் 1979-ல் கட்டிய ஏர் ஸ்டுடியோவில், 1984 கடைசியில் தொடங்கிப் பதிவு செய்யப்பட்டது. தயாரிப்பு குழுவின் தலைவர் மார்க் நாஃப்ளரும் நீல் டோர்ஃப்ஸ்மனும். சோனியின் 24 தட டிஜிட்டல் டேப் இயந்திரத்தில், 16 பிட்டில் பதிந்தார்கள். அன்றைய ராக் ஆல்பங்களில் அது அபூர்வம். சிடியில் 10 லட்சம் பிரதி விற்ற முதல் ஆல்பம் இதுதான். அந்த வட்டுக்கென்றே பிறந்தது போல. அனலாக் மூல டேப்பிலிருந்து மறுபதிப்பு செய்வதற்குப் பெயர்போன மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் இசைத்தட்டுகள் பலவற்றில் இடையில் ஒரு டிஜிட்டல் படி இருந்தது என்று 2022-ல் வெளிவந்தபோது பலர் கொதித்துப்போனார்கள். இந்த ஆல்பத்தில் அந்தச் சண்டைக்கே இடமில்லை. மூலமே டிஜிட்டல். இழக்க ஒரு அனலாக் மூல டேப் கிடையாது. அப்படியானால் எந்த மறுபதிப்பாலும் மூலத்தில் இல்லாததைக் கொண்டுவந்து சேர்க்க முடியாது. வித்தியாசம் கேட்டால் அது மாஸ்டரிங்கிலிருந்து (வெளியிடும் முன் ஒலியைக் கடைசியாகச் செப்பனிடும் வேலை) வர வேண்டும், தட்டை வெட்டிய விதத்திலிருந்து வர வேண்டும், அல்லது என் மேசையில் இருக்கும் கருவியிலிருந்து வர வேண்டும்.

கடைசிச் சந்தேகத்தை முதலில் தீர்ப்பதென்று முடிவு செய்தேன்.

டர்ன்டேபிள் வேகத்தை அளக்க 3150 ஹெர்ட்ஸ் தொனி உள்ள சோதனைத் தட்டு வாங்கலாம். என்னிடம் அது இல்லை. ஆனால் அதைவிட நல்ல அளவுகோல் கையிலேயே இருந்தது. சிடியின் நேரத்தைக் குவார்ட்ஸ் கடிகாரம் நடத்துகிறது. 'தி மேன்ஸ் டூ ஸ்ட்ராங்' சிடியிலும் பழைய தட்டிலும் வெட்டப்படாமல் ஒரே நீளத்தில் இருக்கிறது. அந்தப் பாட்டில் கிட்டார் ஓங்கி அறையும் இடங்கள் உண்டு. அலைவடிவத்தில் அவை சுவர் போல எழுந்து நிற்கும். ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் இரண்டையும் ஏற்றினேன். சிடியில் சரியாக 240.00 விநாடி இடைவெளியில் இரண்டு புள்ளிகளைக் குறித்தேன். தட்டுப் பதிவில் அதே இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 238.33 விநாடி. 0.7 சதவீதம் வேகம் கூடுதல். சுருதியில் அது சுமார் 12 சென்ட். ஒரு அரைச்சுரத்தின் எட்டில் ஒரு பங்கு. மகளின் காது அளந்து சொன்னது அதைத்தான்.

என் டர்ன்டேபிளில் இருப்பது சிங்க்ரனஸ் மோட்டார். மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸைப் பிடித்துக்கொண்டு சுற்றும். திருகி வேகத்தைச் சரிசெய்ய அதில் எதுவும் இல்லை. மோட்டார் தப்பாக ஓடவில்லை என்றால் மிச்சமிருப்பது மோட்டாரின் தண்டில் இருக்கும் சிறு உருளையான புல்லி, தட்டைத் தாங்கிச் சுழலும் உள்தட்டு, இரண்டையும் இணைக்கும் ரப்பர் பெல்ட். பெல்ட்டை ஒரு வருடம் முன்பு மாற்றியிருந்தேன். பெயரில்லாத மலிவுச் சரக்கு. பழைய பெல்ட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது அதிர்ஷ்டம். காலிப்பரில் நேரடியாகப் பிடித்தால் ரப்பர் அமுங்கி அளவு மாறும் என்பதால், இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே வைத்து மொத்தத்தை அளந்து கண்ணாடியின் கனத்தைக் கழித்தேன். பழையது 0.6 மி.மீ., புதியது 0.7 மி.மீ.

0.1 மி.மீ. வித்தியாசம் என்ன செய்துவிடும் என்றுதான் முதலில் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பெல்ட் புல்லியைச் சுற்றும்போது அதன் நடுக்கனம்தான் உண்மையான ஆரம். புல்லியின் குறுக்களவு 12 மி.மீ. ஆகவே ஆரம் 6. அதோடு பெல்ட்டின் பாதிக் கனம். 6.3 இருந்த இடத்தில் 6.35 ஆனால் 0.8 சதவீதம் கூடும். உள்தட்டின் பக்கமும் அதே 0.05 மி.மீ. கூடுகிறது, ஆனால் அதன் ஆரம் 45 மி.மீ.; அங்கே திரும்பக் கிடைப்பது 0.1 சதவீதம் மட்டும். மிச்சம் 0.7. அலைவடிவத்தில் அளந்த எண்ணும் காலிப்பரில் அளந்த எண்ணும் ஒன்றோடொன்று பொருந்திய அந்த நிமிடம், இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகவும் சந்தோஷம் தந்தது.

சரியான பெல்ட்டை வரவழைத்தேன். புல்லியையும் உள்தட்டின் விளிம்பையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, பெல்ட்டில் விரலெண்ணெய் படாமல் மாட்டினேன். இருபது நிமிடம் சும்மா ஓடவிட்டு மறுபடி அளந்தேன். 239.9 விநாடி. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு "சேர்ந்துடுச்சு" என்று போய்விட்டாள்.

அடுத்தது அந்தச் சீறல். பழைய தட்டின் இரண்டாம் பக்கத்தில் கடைசிப் பாட்டு, ஆல்பத்தின் பெயரையே கொண்ட பாட்டு. இடியோசையில் தொடங்கி மெல்ல எழும். உள்ளே போகப் போகக் குரலின் ஓரங்கள் கிழிந்தது போல இருக்கும். நாற்பது வருடத் தட்டு, யாரோ தேய்ந்த ஊசியால் ஓட்டிக் கெடுத்துவிட்டார்கள் என்றே நம்பியிருந்தேன். இப்போது அந்த நம்பிக்கையையும் சோதிக்க வேண்டியதாயிற்று.

கார்ட்ரிட்ஜை, அதாவது கையின் நுனியில் ஊசியைத் தாங்கும் சிறு பெட்டியை, நேராக்கும் காகித அளவுகோலை அச்செடுத்தேன். இதில் எல்லோரும் விழும் குழி ஒன்று: பிரிண்டர் பக்கத்துக்குப் பொருத்துகிறேன் என்று தானாகச் சுருக்கிவிடும். எஃகு ஸ்கேலை வைத்துப் பார்த்தால் என் முதல் அச்சில் 100 மி.மீ. இருக்க வேண்டிய கோடு 97 ஆக இருந்தது. சுருக்கம் இல்லாமல் மறுபடி எடுத்தேன். அந்த அளவுகோல் பின்பற்றும் பேர்வால்ட் வடிவியலில் ஊசி தடத்துக்குச் சரியான தொடுகோட்டில் நிற்பது இரண்டே இடங்களில். மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. இந்த இரண்டு புள்ளிகளிலும் ஊசியை இறக்கினால் கார்ட்ரிட்ஜின் பக்கங்கள் அச்சிட்ட கோடுகளுக்கு இணையாக நிற்க வேண்டும். என்னுடையது இரண்டிலும் கோணலாக இருந்தது. முழுதாக 2 மி.மீ. பின்னே தள்ளி மாட்டியிருந்தேன். எப்போது அப்படி ஆயிற்று என்று நினைவில்லை. ஊசி மாற்றும்போது திருகு தளர்ந்திருக்கலாம்.

ஊசிக்கு உறையை மாட்டிக்கொண்டுதான் திருகில் கை வைத்தேன். திருகை முழுக்கக் கழற்ற வேண்டாம். கார்ட்ரிட்ஜ் நகரும் அளவுக்குத் தளர்த்தினால் போதும். 66-ல் சரியானால் 120.9-ல் விலகும், அங்கே சரிசெய்தால் இங்கே விலகும். ஒன்றரை மணி நேரம் இப்படியே போனது. முதுகு வலித்தது. பிறகு இரண்டிலும் நின்றது. கார்ட்ரிட்ஜ் முன்னே வந்தால் ஊசியின் பாரமும் மாறும் என்பதால் சிறு எலக்ட்ரானிக் தராசில் எடை பார்த்தேன். பரிந்துரைத்த அளவு 2.0 கிராம், முன்னே நகர்த்திய பிறகும் 1.8 தான் இருந்தது. அதற்கு முன் இன்னும் குறைவாகத்தான் இருந்திருக்கும். பாரம் குறைந்தால் தட்டுக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். தப்பு. பாரம் போதாத ஊசி சத்தம் கூடும் இடங்களில் தடத்தின் சுவரை விட்டு எழும்பி எழும்பி இடிக்கும்; கீறுவது அதுதான். எதிர்ப்பாரத்தைத் திருகி 2.0-க்குக் கொண்டுவந்தேன்.

தட்டுகளைக் கழுவினேன். காய்ச்சி வடித்த நீர், கொஞ்சம் ஆல்கஹால், மென்தூரிகை, பிறகு உறிஞ்சு குழாய். லண்டன் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறை உலர்ந்து கிடப்பதால் தட்டில் நிலைமின்சாரம் ஏறித் தூசியை இழுக்கும். ஈரத்தில் கழுவினால் அதுவும் அடங்கும்.

பழைய தட்டின் கடைசிப் பாட்டை ஓடவிட்டேன். சீறல் முழுதாகப் போகவில்லை. ஆனால் முக்கால்வாசி போயிருந்தது. நாற்பது வருடம் முன்பு அழுத்திய அந்தத் தட்டின் மேல் நான் வைத்திருந்த பழி பெரும்பாலும் என் திருகாணியுடையது.

இதற்குப் பிறகுதான் உண்மையான ஒப்பீடு. மூன்றையும் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் கணினியில் ஏற்றினேன். காதால் ஒப்பிடுவதில் முதல் எதிரி சத்த அளவு. ஒரு சின்னச் சோதனை செய்தேன்: ஒரே பதிவை இரண்டு கோப்பாக்கி, ஒன்றை மட்டும் 0.7 டெசிபல் கூட்டி, எது நன்றாக இருக்கிறது என்று வீட்டில் கேட்டேன். ஒன்று சத்தமாக இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. கூட்டியதைத்தான் "இது தெளிவா இருக்கு" என்றார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது, கூட்டியது எது என்று தெரிந்திருந்தும். அதனால் ஒவ்வொரு துண்டுக்கும் சராசரி அளவைக் கணக்கிட்டு 0.1 டெசிபலுக்குள் சமன்செய்தேன். இடது வலது சமன் தனியாக, அதிலும் 0.6 டெசிபல் கோணல் இருந்தது.

இரண்டாவது எதிரி சொடக்குச் சத்தம். ஒரு பிரதியில் குறிப்பிட்ட இடத்தில் 'டிக்' என்று ஒன்று இருந்தால், காது அதை மனப்பாடம் செய்துவிடும். பிறகு நடப்பது இசைச் சோதனையே அல்ல. இரு தட்டிலும் சொடக்கே இல்லாத 20 விநாடித் துண்டுகளைத் தேடுவதிலேயே ஒரு ஞாயிறு கழிந்தது.

ஃபூபார் 2000 என்ற இசை இயக்கும் மென்பொருளில் கண்ணைக் கட்டிச் சோதிப்பது போன்ற ஒரு வசதி உண்டு. அ, ஆ இரண்டையும் கேட்கலாம். பிறகு வருவது எது என்று சொல்ல வேண்டும். 16 முறை. குருட்டாம்போக்கில் சொன்னாலே 8 சரியாக வரும். 12 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் காது எதையோ பிடித்திருக்கிறது என்று கொள்ளலாம்.

முதலில் 'ரைட் அக்ராஸ் தி ரிவர்'. பழைய தட்டில் இது இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு, வெளி ஓரத்தில் இருக்கிறது. 1985-ஐயும் 2021-ஐயும் வைத்தேன். 16-க்கு 9. கேட்டுக்கொண்டிருக்கும்போதே வித்தியாசம் தெரிகிறது என்று உறுதியாக நினைத்தேன், எண்ணிக்கை ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் மறுபடி செய்தேன். அப்போதும் 9.

பிறகு கடைசிப் பாட்டு, கிட்டார் உச்சத்துக்குப் போகும் இடம். 16-க்கு 14. பழைய தட்டில் சிம்பல்களின் நுனி மழுங்கியிருந்தது, புதியதில் முழுசாக இருந்தது. திருகு சரிசெய்வதற்கு முன் எடுத்த பழைய பதிவையும் விட்டு வைத்திருந்தேன். அதைப் போட்டால் 16-க்கு 16, இரண்டு விநாடியில் சொல்லிவிடலாம்.

ஒரே ஆல்பம், ஒரே இரண்டு பதிப்புகள். வெளி ஓரத்தில் பிரித்தறிய முடியவில்லை, உள் ஓரத்தில் முடிகிறது. ஏன் என்பதை ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். 33 சுற்றில் தட்டின் வெளி ஓரத்தில், 146 மி.மீ. ஆரத்தில், ஊசிக்குக் கீழே தடம் விநாடிக்கு 51 செ.மீ. வேகத்தில் ஓடுகிறது. என் பழைய தட்டில் கடைசிப் பாட்டு முடியும் இடம் 63 மி.மீ. அங்கே வேகம் 22 செ.மீ. தான். 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு முழு அலை வெளியே 51 மைக்ரான் நீளத்தில் வெட்டப்படுகிறது, உள்ளே 22 மைக்ரானில். என் நீள்வட்ட ஊசியின் விளிம்பு ஆரம் சுமார் 8 மைக்ரான். அந்த நெருக்கமான வளைவுகளில் அது நுழைந்து திரும்ப முடியாமல் தடவிக்கொண்டு போகிறது. 45 சுற்றில் அதே 63 மி.மீ. இடத்திலேயே வேகம் ஏறக்குறைய 30 செ.மீ.

இதோடு பாதி வேக வெட்டும் சேர்கிறது. அபே ரோட்டில் தடம் வெட்டும் இயந்திரமான நோய்மன் விஎம்எஸ் 80 லேத்தில் தட்டு 45-க்குப் பதில் 22.5 சுற்றில் சுழல, ஒலியும் பாதி வேகத்தில் ஊட்டப்படுகிறது. 16 கிலோஹெர்ட்ஸ் வெட்டும் தலைக்கு 8 ஆக வந்து சேரும். உயர் ஒலிகளில்தான் வெட்டும் தலை அதிகம் திணறும். அந்தப் பாரம் பெருமளவு குறைகிறது. 55 நிமிட ஆல்பத்துக்கு லேத் முன்னால் 110 நிமிடம். 'ஸ' சத்தத்தை வழக்கமான கருவியால் ஓடும்போதே அடக்க இந்த முறையில் வழி இல்லை. முன்கூட்டியே ஒவ்வொன்றாகத் தேடிச் சரிசெய்ய வேண்டும். அந்த உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் என் வீட்டில் காதுக்கு எட்டிய வித்தியாசத்தின் பெரும்பங்கு தட்டின் வேகமும் இடமும்தான் என்று நினைக்கிறேன். பாதி வேக வெட்டே முக்கியக் காரணமாக இருந்திருந்தால் வெளி ஓரத்திலும் எனக்குக் கேட்டிருக்க வேண்டும்.

சிடிக்கு எதிராகத் தட்டை வைத்தும் பார்த்தேன். அது சரியான சோதனை ஆகாது. பாட்டு மெலியும் இடத்தில் தட்டின் மேற்பரப்பு ஓசை காட்டிக்கொடுத்துவிடும். சத்தமான இடங்களில் கேட்ட சிறு வித்தியாசம் என் கார்ட்ரிட்ஜின் குணம். அதைப் பதிப்பின் கணக்கில் எழுத மாட்டேன்.

இடம் என்று சொன்னேன் அல்லவா, இந்த ஆல்பத்தில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. 1985-ல் முழு ஆல்பத்தையும் ஒற்றைத் தட்டில் அடக்க முடியாமல் பாட்டுகளை வெட்டினார்கள். சிடியில் 8:26 ஓடும் 'மனி ஃபார் நத்திங்' தட்டில் 7:04. மைக்கேல் பிரெக்கரின் சாக்ஸஃபோன் உள்ள 'யுவர் லேட்டஸ்ட் ட்ரிக்' 6:33-லிருந்து 4:46. இப்படி வெட்டியும் முதல் பக்கம் 25 நிமிடத்தைத் தாண்டுகிறது. அதாவது சுமார் 847 சுற்று, ஒரு மில்லிமீட்டருக்குப் பத்துத் தடம். தடங்களை இவ்வளவு நெருக்கினால் சத்த அளவையும் குறைத்தே வெட்ட முடியும். நான்கு பக்கம் கிடைத்த பிறகு பக்கத்துக்குச் சராசரி 14 நிமிடம் கூட இல்லை.

அதிகம் இழந்தது 'வை வொரி'. 8:31 நீளப் பாட்டைத் தட்டில் 5:22-க்கு நிறுத்தியிருக்கிறார்கள். குரல் முடிந்த பிறகு கிட்டார்களும் கீபோர்டும் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டுப் போகும் அந்த நீண்ட பகுதிதான் எனக்கு அந்தப் பாட்டே. மாஸ்டரிங், லேத், எடை கூடிய வினைல் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டால்கூட, அந்த மூன்று நிமிடத்துக்காகவே 2021 பதிப்பு எனக்குச் செலவுக்குத் தகுந்தது. பழைய தட்டை விற்கவும் போவதில்லை. வெளி ஓரத்துப் பாட்டுகளுக்கு அது இன்னும் போதும். வெட்டிச் சுருக்கிய அந்த வடிவங்களைக் கேட்டே வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள், அவற்றைக் கேட்க வேறு தட்டும் கையில் இல்லை.

இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு நான் சொல்வது வரிசை மட்டும்தான். மறுபதிப்பு வாங்கும் முன் பெல்ட்டின் கனத்தையும் கார்ட்ரிட்ஜின் கோணத்தையும் ஊசியின் பாரத்தையும் பாருங்கள். காகிதமும் சின்னத் தராசும் சேர்ந்து ஒரு புதுத் தட்டின் விலையில் பாதிகூட ஆகவில்லை. அதன் பிறகும் உள் ஓரம் சீறினால் 45 சுற்றுப் பதிப்பைத் தேடலாம்.

ஊசியின் சாய்வை, முன்னாலிருந்து பார்க்கும்போது அது செங்குத்தாக நிற்கிறதா என்பதை, இன்னும் சரிபார்க்கவில்லை. அந்த 0.6 டெசிபல் கோணல் அங்கிருந்து வருகிறதா என்று அடுத்த வாரம் பார்க்க வேண்டும். நேற்று இரவு 'வை வொரி'யைப் புதிய தட்டில் முழுதாக ஓடவிட்டேன். மகள் வயலினைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து, கடைசி மூன்று நிமிடத்தில் நாஃப்ளரின் கிட்டார் வரிக்குக் கீழே ஒரே சுரத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தந்தியைத் திருத்த வேண்டியிருக்கவில்லை.